ஒரு வீச்சுக்கு ஒரு வருடம்

2025 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு தெருவில், அனந்தராமனுடைய பழைய காரின் வைப்பர் கண்ணாடியின் வலது கோடியைத் தொட்டது. இடது கோடியிலிருந்து அது கிளம்பிப் பதினோரு மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய வீச்சுக்கு ஆறு மாதம்தான் பிடித்தது. அன்று தக்காளி கிலோ இருபத்தைந்து, மல்லிகை முழம் நாற்பது, வெயில் நூற்றிரண்டு. தெருவில் யாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கவில்லை. பால் போடுகிறவர் மட்டும் சைக்கிளை நிறுத்தாமலே எட்டிப் பார்த்து, "தொட்டுடுச்சு போல கீதே சார்" என்றார். அனந்தராமன் தலையாட்டிவிட்டு நோட்டில் தேதியும் மணியும் குறித்துக்கொண்டு உள்ளே போனார்.

கார் அறுபத்திரண்டாம் வருடத்தது. வெண்ணெய் நிறம், இரண்டே கதவு, குழந்தை வரைந்த படம் மாதிரி உருண்டையான முன்பக்கம். அனந்தராமனின் தகப்பனார் வாங்கியது. அவர் போன பிறகு, இருந்த ஒரு பிள்ளைக்கு வீட்டோடு சேர்ந்து வந்தது. அனந்தராமன் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் இரண்டு தசம ஸ்தானத்துக்குச் சுத்தமாகச் சொல்வார் என்று பெயர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்றும் ஒரு பெயர் உண்டு. இந்த இரண்டாவது பெயருக்காக அவர் மெனக்கெட்டதில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. காரை அவர் கவனித்துக்கொண்ட அழகைத் தெருவே பேசும். தினமும் துடைப்பார், வாரம் ஒரு முறை மெழுகு போடுவார், மழை வந்தால் முதலில் காருக்குப் போர்வை, பிறகுதான் மாடியில் காயும் துணி. மனைவி ஜெயலக்ஷ்மி, பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவள், காரை 'மூத்தாள்' என்றுதான் சொல்வாள். "மூத்தாளுக்கு ஸ்நானம் ஆச்சுன்னா சித்த இளையவளுக்கும் காய் வாங்கிண்டு வாங்கோ" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே பையை எடுப்பார். 2016 ஜனவரியில் பழைய கார்களின் அணிவகுப்பு இருந்தது. அதற்காக முந்தைய நவம்பரில் சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் போட்டு, தரைக்குப் புது கார்பெட் ஒட்டி, கதவுக்கு அடியில் துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிது வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தார். பட்டுப் புடவை கட்டிய கல்யாணப் பெண் போல வண்டி உள்ளே நின்றுகொண்டிருந்தது.

அந்த வீட்டில் பத்தொன்பது வருடம் பாத்திரம் கழுவி, வீடு பெருக்கி, வற்றல் போட்டு, ஜெயலக்ஷ்மிக்கு டைபாய்டு வந்தபோது பதினைந்து நாள் கூடவே படுத்திருந்தவள் முத்தம்மா. சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடியிருந்தாள். புருஷன் தணிகாசலம் பெயிண்டர், நெஞ்சில் மூச்சிரைப்பு, குளிர்காலம் வந்தால் படுத்துவிடுவார். மகன் செம்பியன் மந்தைவெளியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஹாரன், செல்ஃப் மோட்டார், ஹெட்லைட், வைப்பர் என்று வண்டியில் கரண்ட் ஓடுகிற எதற்கும் அவனிடம் போகலாம். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

2015 டிசம்பர் ஒன்றாம் தேதி மழை எப்படிப் பெய்தது என்று இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு அனந்தராமன் வீட்டு போன் அடித்தது. "சார், முத்தம்மா பேசறேன். அதுக்கு மூச்சு வாங்குது சார், நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது. ஆட்டோக்காரன் எவனும் வர மாட்டேன்றான். நம்ம வண்டிய கொஞ்சம் எடுத்தாந்தீங்கன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்டலாம்." ஜன்னலுக்கு வெளியே போர்வை போர்த்திய கார் தெரிந்தது. புதுக் கார்பெட் நினைவுக்கு வந்தது. தணிகாசலத்துக்கு வருடா வருடம் வருகிற இரைப்புதானே என்றும் தோன்றியது. இதெல்லாம் தோன்ற மூன்று வினாடி ஆகியிருக்கும். "வைப்பர் ரொம்ப ஸ்லோவா போறது முத்தம்மா. இந்த மழையிலே ரோடே தெரியாது. சித்த விடட்டும், பார்க்கறேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது: "ஐயோ, அப்ப வேணாம் சார். ரோடு தெரியாம எங்கனா போய் முட்டிக்கப் போறீங்க. நாங்க எப்படினா பாத்துக்கறோம். நீங்க பத்திரமா இருங்க." பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மியின் கை ஒரு நொடி நின்றது, பிறகு மடித்தது.

வைப்பருக்கு ஒரு கேடும் இல்லை. மூன்று நாள் முன்னால் கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் அதே காரில் தி.நகர் போய் வந்தார்கள். பாண்டி பஜார் சிக்னலில் நின்றபோது, எதையும் எண்ணுகிற பழக்கத்தில் அவர் வைப்பரையும் எண்ணினார். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு வீச்சு. அன்றைக்கு முத்தம்மா நாலு மணி வரை பார்த்துவிட்டு, ஒரு மீன்பாடி வண்டியைக் கேட்டு வாங்கி, புருஷனைக் கிடத்தி, தார்ப்பாய் போர்த்தி, மகன் மிதிக்க, பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். நந்தனம் தாண்டி, தேனாம்பேட்டை வருவதற்குள் தணிகாசலம் போய்விட்டார். அப்போது மணி நாலே முக்கால். அன்று இரவே ஆறு வீட்டுக்குள் வந்தது. பிறகு அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து வகுப்பறை, அதற்கும் பிறகு பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் ஒரு வீடு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டாவது நாள் காலையில் செம்பியன் மொட்டைத் தலையோடு, தோளில் டூல்ஸ் பையோடு வாசலில் வந்து நின்றான். திட்ட வந்திருக்கிறான் என்று அனந்தராமன் நினைத்தார். "அம்மா அனுப்பிச்சு சார். சாரு வண்டியில வைப்பர் ஸ்லோவா கீதாம், இன்னான்னு பாத்து சரி பண்ணிட்டு வாடான்னுச்சு. நாளைக்கு வேற யாருக்கானா அவசரம்னா சாரு இன்னா பண்ணுவாரு, பாவம்னுச்சு." வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம், துக்கத்தில் இருக்கிறாய் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவன் அதற்குள் போர்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டான். அனந்தராமன் சாவியைக் கொடுத்தார். ஸ்விட்சைப் போட்ட உடனே வைப்பர் நாற்பத்திரண்டு வேகத்தில் ஓடும், தன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டார். செம்பியன் ஸ்விட்சைப் போட்டான். வைப்பர் காய்ச்சல்காரன் படுக்கையிலிருந்து எழுந்திருப்பதைப் போல எழுந்து, போய்ச் சேர்ந்து, யோசித்து, திரும்பி வந்தது. நிமிடத்துக்கு ஆறு. 'அப்பாடா' என்று இருந்தது அவருக்கு. சொன்னது உண்மையாகிவிட்டதே என்ற அந்த நிம்மதியை அவர் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்து நினைத்துக் கூசினார். பொய்கூட மூன்று வினாடியில் வந்து விழுந்தது. நிம்மதி அப்படியில்லை, அதை அவர் அனுபவித்தார்.

கிரீஸ்தான் இறுகியிருக்கும் என்றான் செம்பியன். பழைய கார்களில் வைப்பர் மந்தமானால் பத்துக்கு ஏழு அதுதான். மோட்டாரிலிருந்து கண்ணாடிக்குப் போகும் கேபிள் ஒரு குழாய்க்குள் ஓடும், குழாய்க்குள் பூசிய கிரீஸ் வருடக்கணக்கில் காய்ந்து பிசினாகிவிடும், மோட்டார் இழுக்க மாட்டாமல் இழுக்கும். அவன் கேபிளை உருவி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, குழாயைத் துணி விட்டுத் துடைத்து, புது கிரீஸ் பூசி மாட்டினான். கேபிள் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஸ்விட்சைப் போட்டால் அதே ஆறு. மாலை வரை பார்த்துவிட்டு, "உடனே ஃப்ரீ ஆவாது சார், ஓட ஓட சரியாய்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜெயலக்ஷ்மி அவனுக்கு வீட்டு டம்ளரிலேயே காப்பி கொடுத்தாள். அவன் அம்மாவுக்கு அந்த வீட்டில் பத்தொன்பது வருடமும் தனி டம்ளர் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கூப்பிட்டு வரவில்லை. கையில் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை, கொடுக்கப் போனால் "அம்மா கொன்னுடும் சார்" என்று பின்னால் போனான். 2016இல் எர்த் சரியில்லை என்று மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒயர் இழுத்தான். அப்போது ஒரு வீச்சுக்கு ஒரு நிமிடம். அடுத்த வருடம் கார்பன் பிரஷ் மாற்றி, மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். ஒரு வீச்சுக்குப் பத்து நிமிடம் என்று ஆயிற்று. அதற்கடுத்த வருடம் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் தண்டு சுழலும் இரண்டு புஷ்ஷையும் கடைந்து வாங்கி வந்து போட்டான். முக்கால் மணி நேரமாயிற்று. ஜெயலக்ஷ்மியிடம் கணக்கு டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கு அது ரொம்ப சௌகரியம். ஜன்னல் வழியே வைப்பரைப் பார்த்து, அது நடுவே வந்தால் பாதி பேப்பர் முடித்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கடிகாரம் பார்ப்பதைவிட அது பதற்றம் குறைவு என்று இரண்டு பெற்றோர் சொன்னார்கள்.

2019 தண்ணீர் இல்லாத வருடம். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்ற ஊர் அந்த ஐப்பசியில்தான் மூச்சு விட்டது. செம்பியன் புதுப்பேட்டையில் தேடி வேறொரு மோட்டாரே கொண்டு வந்தான். தரையில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் மின்விசிறி மாதிரி சுற்றியது. காரில் மாட்டினால் ஒரு வீச்சுக்கு ஐந்து மணி நேரம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, முதலில் ஒயரைப் பிடுங்கினான். வைப்பர் போய்க்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தான். போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மோட்டாரையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வைப்பர் தன்பாட்டுக்குப் போய், பொழுது சாய ஐந்தரைக்குக் கோடியைத் தொட்டுத் திரும்பியது. ஸ்விட்சுக்கு அது கட்டுப்பட்டது அந்த வருடத்தோடு சரி. இயற்பியல் படித்தவர் ஆயிற்றே என்று எல்லோரும் அனந்தராமனைப் பார்த்தார்கள். அவர் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது, ஆனால் அது வாத்தியார் வாயால் சொல்லக்கூடியதாக இல்லை. செம்பியன் வருகிறான், வேர்க்கிறான், தான் பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கிறோம், வாயைத் திறக்காமல் அவனை அனுப்பிவிடுகிறோம், அடுத்த வீச்சு அத்தனைக்கத்தனை நீள்கிறது. நோட்டில் வரிசையாக இருந்தது.

ஊரடங்கு வருடத்தில் அவன் முகக்கவசத்தோடு பெரும்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தான். அப்போது ஒரு வீச்சுக்கு ஒரு நாள். 2021இல் ஒரு வாரம். 2022இல் சரியாக நாற்பத்தெட்டு நாள். தெருமுனையில் இஸ்திரி போடும் சேரன் அந்தக் கார்த்திகையில் மாலை போட்டவர், வைப்பர் இடது கோடியில் கிளம்பிய அன்று விரதம் தொடங்கி, வலது கோடியைத் தொட்ட அன்று இருமுடி கட்டினார். நாள்காட்டி தப்பினாலும் சார் வண்டி தப்பாது என்று இன்றைக்கும் சொல்வார். முத்தம்மா பெரும்பாக்கம் போன புதிதில் இரண்டு பஸ் மாறி ஒரு வருடம் வேலைக்கு வந்து பார்த்தாள். பிறகு முழங்கால் விடவில்லை. அந்த ஒரு வருடத்துக்குள் தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டாள்: "சாரு வந்திருப்பாரும்மா. தங்கமான மனுசன். வைப்பர் வேலை செய்யல, கண்ணு தெரியாம எப்டி வருவாரு?" கேட்டவர்கள் அனந்தராமனைப் பார்த்து, உங்கள் மேல் என்ன தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். அவர் ஆறுதலை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அணிவகுப்புக்கு அவர் அதற்குப் பிறகு போகவே இல்லை. ஜெயலக்ஷ்மி அந்தக் காரில் மறுபடி ஏறவில்லை. ஏன் என்று அவர் கேட்கவுமில்லை.

2024 ஐப்பசியில் அவன் வந்தபோது முப்பத்தைந்து வயது, காதோரம் நரை. வைப்பர் கிளம்பி ஐந்து மாதமாகி, கண்ணாடியின் நடுப்பக்கம் வந்துகொண்டிருந்தது. அந்தத் தடவை அவன் பையைத் திறக்கவில்லை. பம்பர் மேல் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த காப்பியை ஆற விட்டுவிட்டு, யாரிடமோ பேசுவதுபோலப் பேசினான். "சார், கடையில நான் வைப்பர் வேலை எடுக்கறதில்ல. எட்டு வருசமாவுது. வைப்பர்னு வந்தா வேற கடைக்கு அனுப்சிடுவேன். நைனா கெனாவுல வந்து, ஆச்சாடா, ஆச்சாடான்னு கேக்குது." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு என் மேலதான் சார். அன்னிக்கும் நான் இதே தொழில்தானே பண்ணிக்கினு இருந்தேன்? ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் பாத்தேன், நம்ம சாரு வண்டிய ஒரு நாள் எட்டிப் பாத்து வச்சிருந்தா நைனா இருந்திருக்கும்" என்றான். அனந்தராமன் வாயைத் திறந்தார். வந்தது, "காப்பி ஆறிடுத்து, சூடு பண்ணித் தரச் சொல்லட்டுமா" என்பதுதான். அவன் வேண்டாம் என்று எழுந்து போனான்.

இத்தனை வருடம் பொய் தன் வீட்டு வாசலில் நிற்கிறது, தன்னைத்தான் தின்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது ஒன்பது வருடமாக அந்தப் பையன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. கூடத்தில் வந்து நாற்காலியில் சாய்ந்தவரிடம், ஜெயலக்ஷ்மி உள்ளேயிருந்து வந்து, "நானும் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்" என்றாள். மறுநாள் காலை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடி வீட்டில் முத்தம்மா ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அனந்தராமன் அதில் உட்காரவில்லை. செம்பியன் கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவர் நின்றபடியே, வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி, தேதியும் மணியும் சேர்த்துச் சொன்னார்: வைப்பர் அன்றைக்கு நன்றாக ஓடியது, நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு, காரில் தண்ணீர் புகுந்துவிடும் என்று பயந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சொன்ன பிறகுதான் அது மந்தமாயிற்று. முத்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் போய் அணைக்கவில்லை, ஜெயலக்ஷ்மிதான் போய் அணைத்தாள். கடைசியில் முத்தம்மா கேட்டாள்: "அப்ப என் புள்ள ஒம்போது வருசமா இன்னாத்த ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தான்?"

செம்பியன் பாதிப் பித்தான் போட்ட சட்டையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. முத்தம்மா அவனைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றிருந்தது. "வண்டி ஓடுமா?" என்றாள். ஓடும் என்றார். "வைப்பர்?" ஓடாது என்றார். "சரி. மழை வரட்டும், போன் பண்றேன். வரணும்." அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சோழிங்கநல்லூர் தாண்டி அவரும் அழுதார்.

நவம்பர் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, புயல் கரையேறுகிற நாள். கடை கண்ணி பாதி சாத்தியிருந்தது. இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. "சார், முத்தம்மா பேசறேன். சைதாப்பேட்டைல, எங்க பழைய வூடு இருந்த எடத்துல நிக்கறேன். மழை பேஞ்சிக்கினு கீது. வண்டிய எடுத்தாங்க." தங்கை வீட்டில் மூன்று நாளாக மழைக்காகவே காத்திருந்தாளாம், மகனையும் கடைக்கு விடாமல் கூடவே வைத்துக்கொண்டாளாம். அனந்தராமன் போர்வையை உருவினார். வைப்பர் நடுவைத் தாண்டி, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேர் எதிரே செங்குத்தாக நின்றது. அதாவது, நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் படுதா மாதிரி இறங்கியது. ஜெயலக்ஷ்மி கேட்டைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாங்கோ" என்றாள். எழுபத்தாறு வயதில் அவர் பக்கவாட்டு ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஆழ்வார்ப்பேட்டை வழியாக ஆட்டோ வேகத்தில் கால் பங்கு வேகத்தில் போனார். கார்பெட் ஊறியது. சிவப்பு சீட்டில் தண்ணீர் தேங்கியது. பார்த்தார், பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

வேலி போட்டு மரக்கன்று நட்டிருந்த ஆற்றங்கரையில் அம்மாவும் மகனும் நனைந்துகொண்டு நின்றார்கள். முத்தம்மா முன்சீட்டில் ஏறினாள். செம்பியன் பின்சீட்டில், ஒருவர் படுக்கிற இடத்தை விட்டு ஓரமாக உட்கார்ந்தான். "ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க" என்றாள். போகிற வழியெல்லாம் அவள் தன் பக்க ஜன்னலில் கையை விட்டு, முந்தானையைச் சுருட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கைக்கு எட்டியது பாதிதான். "லெஃப்ட்ல பஸ்ஸு நிக்குது, ஒடிங்க... பள்ளம் கீது சார், மெதுவா... ஆங், இப்ப போங்க." நந்தனத்தில் சக்கரம் பாதி முங்கத் தண்ணீர். இன்ஜின் இருமியது, நிற்கவில்லை. தேனாம்பேட்டையில் ஓர் இடம் வந்தபோது அவள் துடைக்கும் கை நின்றது. ரோட்டோரத்தை மட்டும் பார்த்தாள். அந்த இடம் போன பிறகு மறுபடி துடைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. மழை அதேபடி அடித்துக்கொண்டிருந்தது. "மணி இன்னாடா?" என்றாள். மூணு அம்பத்தெட்டு என்றான். "எப்ப ஏறுனோம்?" மூணு இருவத்திமூணு என்றான். முத்தம்மா விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தஞ்சு நிமிசம்" என்றாள். மடியிலிருந்த ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே இன்னொரு முறை, யாருக்கும் இல்லாமல், "முப்பத்தஞ்சு நிமிசம்" என்றாள்.

அனந்தராமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வைப்பர் நன்றாக இருந்தும் கெட்டுவிட்டதாகச் சொன்னேனே என்றுதான் ஒன்பது வருடம் அவர் புழுங்கியது. அது நிஜமாகவே கெட்டிருந்தாலும், அப்படி ஒன்று வண்டியில் இல்லவே இல்லாமல் இருந்தாலும், அவரால் வந்திருக்க முடியும். அன்றைக்குக் குறைவாக இருந்தது வைப்பர் வேகமே அல்ல. அழுகையை அடக்க முடியாமல், "என்னை மன்னிச்சுடு முத்தம்மா" என்றார். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "என்னை ஏன் கேக்கறீங்க சார்? கேக்க வேண்டியது இவன் நைனாவத்தான். அது எங்க கீது?" என்றாள். வீட்டில் கொண்டு விடுகிறேன் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள். செம்பியன் இறங்கி முன்பக்கம் வந்தான். பழக்க தோஷத்தில் வைப்பர் பிளேடைத் தூக்கிப் பார்க்கப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் ஓடினான்.

அதற்குப் பிறகு முத்தம்மாவிடமிருந்து போன் வரவில்லை. பொங்கலுக்கு ஜெயலக்ஷ்மி ஒரு புடவை கொடுத்தனுப்பினாள், அது பிரிக்காமல் திரும்பி வந்தது. செம்பியன் கடையில் இப்போது வைப்பர் வேலை எடுக்கிறான், எப்பேர்ப்பட்ட வைப்பரானாலும் அரை மணியில் ஓட விட்டுக் கொடுத்துவிடுகிறான் என்று மந்தைவெளிப் பக்கம் பேச்சு. நைனா கனவில் வருவதில்லையாம். இதை சேரன் கேட்டு வந்து சொன்னபோது அனந்தராமன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஏப்ரலில் வலது கோடியைத் தொட்டுத் திரும்பிய வைப்பர், அவர் அளந்த வரையில், அதே பதினோரு மாதக் கணக்கில்தான் போகிறது. அதற்கு மேல் மந்தமாகவில்லை, வேகம் கூடவும் இல்லை. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்று யாராவது சொன்னால், "அதுல பழுதில்லை" என்கிறார்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே குளித்து, கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அனந்தராமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செம்பியன் வர மாட்டான் என்று அவருக்கே தெரியும். ஜெயலக்ஷ்மி காப்பி போடட்டுமா என்று ஒரு தடவைதான் கேட்டாள். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கேட் திறந்தே கிடந்தது, ஒரு மாடு உள்ளே வந்து குரோட்டன்ஸைத் தின்றுவிட்டுப் போனது. புதன்கிழமை தூறல் விழுந்தது. அவர் எழுந்து போய் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். காருக்குப் போர்வை போர்த்தவில்லை. மழை கண்ணாடியில் இறங்க, வைப்பர் நகர்ந்துகொண்டிருந்தது.